மாமாவின் மைலோ டின்கள்

பழைய காசு விற்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "இதெல்லாம் சேர்த்து எவ்வளவு தருவீங்க?" என்பதுதான். என் மாமா மகனும் அதைத்தான் கேட்டான், நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் டின்னைத் துணிமேல் கவிழ்த்தார், ஒற்றை விரலால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புரட்டினார், ரெண்டு நிமிஷம்கூட இருக்காது, "அறுநூறு டாலர்" என்றார். எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுங்கள் என்றேன். மொத்தமாகத்தான் வாங்குவேன், பிரித்துப் பார்க்கவெல்லாம் நேரமில்லை என்றார். சரி என்று நாங்கள் பொறுக்கித் திரும்ப டின்னில் போட ஆரம்பித்ததும் "எழுநூற்றைம்பது" என்றார். பிரித்துப் பார்க்க நேரமில்லாதவர் நூற்றைம்பதை எதைப் பார்த்துக் கூட்டினார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் செய்தது சட்டப்படி குற்றமும் இல்லை. நம் கையில் என்ன இருக்கிறது என்று நமக்கே தெரியாதபோது, வாங்குகிறவர் நமக்காக உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. அதனால் டின்களைத் தூக்கிக்கொண்டு வந்து, அத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாங்களே பிரிக்க உட்கார்ந்தோம். இந்தப் பதிவு அந்த மேசையைப் பற்றித்தான்.

மாமா சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கப்பலில் வந்தவர்களிடம் வாங்கியது, நகைக்கடையில் உருக்கப் போகுமுன் கெஞ்சி வாங்கியது, ஊரிலிருந்து வந்தது, எல்லாவற்றையும்விட அதிகமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சுங்கை ரோடு திருட்டுச் சந்தையில் பேரம் பேசி வாங்கியது. 2017 ஜூலையில் அந்தச் சந்தையை மூடியபோது சொந்தக்காரர் இறந்துபோன மாதிரி இரண்டு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார் என்று அத்தை சொல்வார். எதையும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் மைலோ டின்னிலும், மருந்து டப்பாவிலும், பழைய நாட்குறிப்புக்குள் செருகிய காகித உறைகளிலும் கிடந்தன.

அவர் போய்ப் பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை, சேகரிப்பாளர் நண்பர் என்று ஒருவர் அத்தைக்கு போன் செய்தார். "அக்கா, உங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை, நானே வந்து எடுத்துக்கிறேன்." நல்ல மனதோடுதான் கேட்டிருக்கலாம். ஆனால் துக்க வீட்டில் காசைப் பற்றி முதலில் பேசுகிறவருக்கு விற்கக் கூடாது என்று அத்தை முடிவு செய்துவிட்டார், எனக்கும் அதில் மறுப்பில்லை. நாணயம் கெட்டுப்போகிற பண்டமில்லை. ஆறு மாதம் டின்னிலேயே கிடந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

முதலில் செய்த வேலை, எல்லாவற்றையும் முன்பக்கம் பின்பக்கம் படம் எடுத்து, எண் போட்டு, குடும்ப வாட்ஸ்அப்பில் ஏற்றியது. மூத்தவன் பெர்த்தில் இருக்கிறான், இளையவன் இங்கேயே யீஷூனில். உயில் எதுவும் இல்லை. இங்கே முஸ்லிம் அல்லாதவர்களுக்குப் பொருந்தும் வாரிசுச் சட்டப்படி உயில் இல்லாவிட்டால் மனைவிக்குப் பாதி, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. காசு டின்னும் சொத்துதான். பட்டியல் இல்லாமல் விற்றுவிட்டுப் பத்து வருஷம் கழித்து "அப்பாகிட்ட ஒரு பெரிய ராணி காசு இருந்துச்சே, அது எங்கே?" என்று ஒரு தீபாவளியில் கேள்வி வருவதைவிட இது எவ்வளவோ மேல். அத்தைக்கு வரி பற்றியும் பயம் இருந்தது. சிங்கப்பூரில் 2008 பிப்ரவரி 15க்குப் பிறகு இறந்தவர்களின் சொத்துக்கு மரபுரிமை வரி கிடையாது, நம்மைப் போல வீட்டில் இருந்ததை விற்பவர்களுக்கு லாபத்தின் மேல் வரியும் கிடையாது என்று சொன்ன பிறகுதான் அவர் நிம்மதியாக டீ போடப் போனார்.

அப்புறம்தான் பிரிப்பது. ஒரு காசுக்கு வரக்கூடிய விலை எதிலிருந்து வருகிறது என்பதை வைத்துப் பிரித்தோம். சிலவற்றுக்கு அதில் உள்ள வெள்ளிக்கோ தங்கத்துக்கோதான் விலை. சிலவற்றுக்கு உலோகம் ஒன்றுமில்லை, தேடி வாங்கும் சேகரிப்பாளன் தருவதுதான். சிலவற்றுக்கு அதில் அச்சடித்திருக்கும் தொகை மட்டுமே. மொத்த விலை கேட்கும்போது இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது, கலந்த குவியலுக்குக் கடைசி வகையின் விலைதான் கிடைக்கும்.

உதாரணத்துக்கு ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர், அதாவது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவை வெள்ளைக்காரன் சேர்த்து ஆண்ட காலத்துக் காசு. இங்கே பழைய வீடுகளில் இருக்கக்கூடியது இதுதான். 1903ல் முதலில் வந்தபோது 26.95 கிராம், 900 வெள்ளி, அதாவது ஆயிரத்தில் 900 பங்கு. எட்வர்ட் மன்னர் தலை ஒரு பக்கம், மறுபக்கம் நடுவில் சீனத்திலும் ஜாவியிலும் (அரபு எழுத்தில் எழுதும் மலாய்) ஒரு டாலர் என்று எழுத்து. பம்பாயில் அடித்தது. இரண்டு மூன்று வருஷத்தில் வெள்ளி விலை ஏறி, காசை உருக்கினால் அதன் மதிப்பைவிட அதிகம் கிடைக்கும் என்ற நிலை வந்தது. அதனால் 1907ல் அதே டாலரைச் சிறிதாக்கினார்கள், 20.21 கிராம். முதல் உலகப் போருக்குப் பிறகு வெள்ளி மறுபடி எகிற, 1919ல் ஜார்ஜ் மன்னர் தலையோடு வந்ததில் 16.85 கிராம்தான், அதிலும் பாதிதான் வெள்ளி. மூன்றிலும் ஒரு டாலர் என்றுதான் எழுதியிருக்கிறது. சுத்த வெள்ளியாகக் கணக்குப் போட்டால் முதலாவதில் சுமார் 24.3 கிராம், இரண்டாவதில் 18.2, மூன்றாவதில் 8.4. ஒரு அவுன்ஸ் 31.1 கிராம். வெள்ளி அவுன்ஸ் 40 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் முதலாவதின் உலோகம் 31 டாலர், கடைசியின் உலோகம் 11 டாலர்கூட இல்லை. வெள்ளி விலை தினமும் மாறும், போகிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். விகிதம் மாறாது.

அந்தப் பெயர் சொல்லாத கடையில் இவை மூன்றும் ஒரே கைப்பிடியில் அள்ளப்பட்டன.

இந்திய ரூபாய்களும் இதே கதைதான். விக்டோரியா ராணி முதல் ஜார்ஜ் வரை 11.66 கிராம் ரூபாய், 917 வெள்ளி. இரண்டாம் உலகப் போர் வந்ததும் 1940லிருந்து பாதி வெள்ளி. 1947ல் வந்தது வெறும் நிக்கல், பளபளவென்று இருப்பதால் எங்கள் இளையவன் அதைத்தான் உயர்ந்தது என்று தனியாக எடுத்து வைத்திருந்தான். மலாயாவின் 10 காசு, 20 காசும் அப்படியே, 1945 வரைக்கும் வெள்ளி கலந்தவை, 1948லிருந்து செம்பு-நிக்கல். ஆண்டைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது. மீதிக்கு 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று போதும், இணையத்தில் பத்துப் பதினைந்து டாலருக்குக் கிடைக்கிறது.

அந்தத் தராசுதான் கெட்ட செய்தியையும் சொன்னது. மாமாவின் பன்னிரண்டு ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரில் நான்கு போலி. ஒன்று காந்தத்தில் ஒட்டியது, அதற்கு மேல் விசாரிக்க வேண்டியதே இல்லை. மற்ற மூன்றும் எடை குறைவு, ஓரத்து வரிகள் சீராக இல்லை. பிரிட்டானியா என்ற பெண் உருவம் சூலத்தோடு நிற்கும் பிரிட்டிஷ் வர்த்தக டாலர் ஒன்று இருந்தது, 1895லிருந்து 1935 வரை பம்பாய், கல்கத்தா, லண்டனில் அடித்தது, 26.96 கிராம் இருக்க வேண்டும். இருந்தது 20 சொச்சம். சுற்றுலாக் கடைகளில் இதைக் கொத்துக் கொத்தாக விற்கிறார்கள். மாமாவுக்குத் தெரிந்தே வாங்கினாரா, சுங்கை ரோட்டில் ஏமாந்தாரா, இனி யாரைக் கேட்பது?

போலியைவிட மோசம் ஒன்று உண்டு, அது இராமர் காசு. இராமர் பட்டாபிஷேகம் ஒரு பக்கம், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818, அரை அணா என்று போட்டிருக்கும் செம்புக் காசு. நம்மவர்கள் வீட்டுப் பூஜை அறையில் பாதிக்குப் பாதி இருக்கும். கம்பெனி அப்படி ஒரு அரை அணாவை அடிக்கவே இல்லை, பின்னாளில் யாரோ பக்தர்களுக்காகவும் ஏமாளிகளுக்காகவும் செய்தது. சாமி படம் என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை. அதற்கு லட்சம் ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாமல் இருந்தால் போதும். வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாயைப் பற்றி யூடியூபில் கத்துகிறவர்களும் இதே ரகம். பழைய காசு விற்பனையில் தன் பெயரைச் சொல்லி முன்பணமும் கமிஷனும் கேட்கிறார்கள், யாரும் ஏமாறாதீர்கள் என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2021ல் அறிக்கை விட்டது. பெர்த்தில் இருக்கிறவன் அப்படி ஒரு வீடியோவைக் குழுவில் போட்டு, "சென்னைல கொண்டுபோய் வித்தா பத்து மடங்கு" என்றான். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். விலை படியவில்லை என்று திரும்பக் கொண்டுவர நினைத்தால் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வோம். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தினோம்.

எதிர்பாராதது செம்புதான். அழுக்குப் பிடித்துப் பச்சை பூத்த சின்னக் காசுகள், மருந்து டப்பாவில் அடியில் கிடந்தவை, அறுநூறு டாலர்காரர் விரலால்கூடத் தொடாதவை. அதில் 1845 என்று போட்டு கிழக்கிந்தியக் கம்பெனி பெயரோடு சில சென்ட்கள், 1862 'இந்தியா ஸ்ட்ரெய்ட்ஸ்' என்று போட்டவை சில. இந்த ஊர் கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்ட காலத்தவை, 1867ல் தனிக் காலனி ஆவதற்கு முன்பு. செம்பாக எடைக்குப் போட்டால் சில்லறைகூடத் தேறாது. ஆனால் சிங்கப்பூர், மலேசிய சேகரிப்பாளர்கள் தேடுவது இதைத்தான். ராணியின் தலைமுடியில் வரிகள் தெரிகிறதா, எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா என்பதில்தான் விலை ஐந்து டாலரா, நூறா, அதற்கு மேலா என்பது இருக்கிறது.

இதை அத்தை கழுவப் பார்த்தார். குத்துவிளக்குக்குப் புளி, வெள்ளிச் சாமானுக்கு விபூதி, நம் வீடுகளில் கைப்பழக்கம் அப்படி. "அழுக்கோட கொண்டுபோனா யார் வாங்குவாங்க, நான் பளபளன்னு ஆக்கித் தரேன்" என்று புளியை ஊறவே போட்டுவிட்டார். "அத்தை, அதை ரசத்துக்கு வச்சுக்கங்க" என்று கையைப் பிடித்துத் தடுத்தேன். தேய்த்த காசின் மேல்பரப்பு போய்விடும், அது திரும்ப வராது. தரம் பார்க்கும் நிறுவனங்கள் அப்படிப்பட்ட காசுக்குத் தர எண்ணே கொடுக்காமல் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதி அனுப்பிவிடும், விலை பாதிக்கும் கீழே விழும். பச்சை, கறுப்பு, தூசி எதுவாக இருந்தாலும் அப்படியே விடுங்கள். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். கடைகளில் விற்கும் மலிவான பிளாஸ்டிக் உறைகளிலும் போடாதீர்கள், பிவிசி உறை வருஷக்கணக்கில் பச்சைப் பிசினைக் கசியவிடும், மாமாவின் சில நல்ல காசுகள் அப்படித்தான் போயின.

தரம் பார்க்க வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று இளையவன் கேட்டான். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்றவர்கள் 70க்கு எண் போட்டு, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருவார்கள், விலை கூடும்தான். ஆனால் ஒரு காசுக்கு ஆகும் கட்டணம், தபால், காப்பீடு எல்லாம் சேர்த்தால் நூறு டாலர் காசுக்கு அது கட்டாது. எங்களிடம் இருந்ததில் அனுப்பத் தகுந்தது ஒன்றோ இரண்டோ, அதையும் அனுப்பவில்லை.

விலை பார்ப்பதில் ஒரு விஷயம். கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். பழைய சாமான் விற்கும் கரோசல் செயலியில் ஒருவர் வாழைமர நோட்டுக்கு ஐந்தாயிரம் கேட்டிருப்பார், மூன்று வருஷமாக அப்படியே தொங்கும். ஜப்பான்காரன் காலத்து அந்த நோட்டு 1945ல் ஒரே நாளில் காகிதமாகி வீடு வீடாகக் கிடந்தது, இன்றைக்கும் சாதாரணமானவற்றை ஒன்றிரண்டு டாலருக்கு வாங்கலாம். நுமிஸ்டா என்ற நாணயப் பட்டியல் இணையதளத்தில் காசை அடையாளம் கண்டுபிடித்து, ஈபேயில் 'விற்றவை' என்று வடிகட்டி, ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளையும் ஒத்துப் பார்த்தால் ஒரு வரம்பு கிடைத்துவிடும். அந்த வரம்பில் நமக்கு முழுதும் வராது. கடைக்காரர் வாடகை கொடுக்க வேண்டும், அந்தக் காசு அவர் பெட்டியில் ஒரு வருஷம் தூங்கலாம். எங்கள் அனுபவத்தில் நல்ல கடைக்காரர் சேகரிப்பாளர் விலையில் பாதிக்கு மேல், சில சமயம் அறுபது எழுபது சதவீதம் கொடுத்தார். வெறும் வெள்ளி எடைக் காசுக்கு உலோக விலைக்கு மிக நெருக்கமாகக் கொடுத்தார், ஏனென்றால் அதை அவர் மறுநாளே தள்ளிவிடலாம். எனக்கு நியாய விலை என்றால் இதுதான். கரோசலில் நேரடியாக விற்றால் கொஞ்சம் கூட வரும், ஆனால் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் நின்று "லாஸ்ட் பிரைஸ் என்ன?" கேட்டுவிட்டு வராமல் போகிறவர்களோடு மல்லுக்கட்டும் பொறுமை வேண்டும், பேநவ்வில் பணம் அனுப்பிவிட்டேன் என்று படத்தைக் காட்டினால் நம்பாமல் நம் வங்கிச் செயலியைத் திறந்து பார்க்கும் புத்தியும் வேண்டும்.

கடைசியில் கோல்மன் ஸ்ட்ரீட் பக்கம் பழைய பேரங்காடி ஒன்றில் ஒரு முதியவரிடம் உட்கார்ந்தோம். எங்கள் பட்டியலைப் பார்த்ததும் சிரித்தார், பூதக்கண்ணாடியை எடுத்தார், எண் வாரியாக ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை எழுதினார். ரெண்டு இடத்தில் எங்கள் கணக்கைவிட அதிகமாகவே எழுதினார், நாங்கள் உசத்தி என்று நினைத்த ஒன்றுக்குக் கோடு போட்டு, தேய்மானம் அதிகம் என்று கண்ணாடியை எங்களிடம் நீட்டிக் காட்டினார். பேரம் பேசினோம், பேசாமல் இருப்போமா, ஆனால் ஒவ்வொரு காசுக்கும்தான் பேசினோம், மொத்தத்துக்கு இல்லை. அடையாள அட்டையைக் கேட்டு எழுதிக்கொண்டார், ரசீது தந்தார். செம்பில் நல்லதாக இருந்த சிலவற்றை மட்டும் விற்காமல் ஏலத்துக்குக் கொடுத்தோம். அங்கே நம்மிடமும் கமிஷன் பிடிப்பார்கள், வாங்குகிறவரிடமும் மேலே ஒரு தொகை வாங்குவார்கள், பணம் வர மாதங்கள் ஆகும். எல்லாம் போக வந்தது அந்த அறுநூறைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. கோடீஸ்வரர் ஆகவில்லை. அத்தையின் பங்கு அவர் ஊருக்குப் போய்வரக் காணும்.

தங்கம் தனிக் கதை. மாமாவின் அம்மா கழுத்தில் போட்ட ஒரு சவரன் காசு, ஜார்ஜ் மன்னர் தலை, 1918, பம்பாயில் அடித்ததற்கு அடையாளமாக ஆங்கில 'ஐ' (I) எழுத்து. 7.98 கிராம், 22 காரட், சுத்தத் தங்கமாக 7.32 கிராம். சேகரிப்பாளர் கொஞ்சம் கூடவே கொடுக்கக்கூடிய காசு, ஆனால் மேலே வளையம் பற்றவைத்துச் சங்கிலியில் கோத்திருந்தார்கள், அதோடு அந்தக் கூடுதல் போயிற்று. சிராங்கூன் சாலை நகைக்கடையில் எடைக்கு விலை சொன்னார்கள், பழைய நகைக்குச் சொல்வது போலச் சேதாரம் கழித்து. நாணயக் கடையில் அதைவிடக் கொஞ்சம் நன்றாகவே சொன்னார்கள். அத்தை ரெண்டையும் கேட்டுவிட்டு, "நான் விலை தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்" என்று முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பிவிட்டார். பேத்திக்காம். யாரும் எதிர்க்கவில்லை, பட்டியலில் அதன் எதிரே 'விற்பனைக்கு இல்லை' என்று எழுதினோம்.

மிச்சம் இருப்பது சிங்கப்பூர்க் காசுகள். 1967லிருந்து வந்த கடல்குதிரைப் பத்துக் காசு, வாள்மீன் இருபது காசு, சிங்கமீன் ஐம்பது காசு, ஒரு டப்பா நிறைய. புழங்கித் தேய்ந்தவை, இன்றும் செல்லும், எழுதியிருக்கும் மதிப்புதான். அப்புறம் சிவப்பு உறையில் 1981லிருந்து வருஷா வருஷம் வந்த சீன ராசி பத்து டாலர்கள். மாமா இவற்றைத்தான் பெரிய முதலீடு என்று நம்பி வரிசையில் நின்று வாங்கினார். வெள்ளியிலும் வந்தவை உண்டு, இவர் வாங்கியது நிக்கல். முதியவர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார், எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, நான் வாங்கி என்ன செய்ய என்றார். எனவே பத்து டாலர் காசைப் பத்து டாலருக்கே தருகிறேன், சேவல் வருஷத்தில் தொடங்கிக் கிட்டத்தட்ட முழு வரிசையும் இருக்கிறது. 1986 புலியை மட்டும் கேட்காதீர்கள், அது இளையவன் பிறந்த வருஷம், அவன் ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.